டி. ஆர். சேஷாத்திரி

டி. ஆர். சேஷாத்திரி எனப் பரவலாக அறியப்பட்ட திருவேங்கட ராஜேந்திர சேஷாத்திரி (பெப்ரவரி 3, 1900 – செப்டம்பர் 27, 1975) தமிழ்நாட்டில் பிறந்த கரிம வேதியியலாளர் ஆவார். இந்திய மூலிகைகள், பூக்கள், மரக்கட்டைகள், பாசிக்காளான்கள் ஆகியவற்றிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்து, அவற்றை ஆய்வகத்தில் செயற்கையாகத் தொகுத்துக் காட்டியவர். பிளேவனாய்டுகள் என்னும் தாவர நிறமிகளைப் பற்றிய இவருடைய ஆய்வுகள் உலக அளவில் மதிக்கப்பட்டன. ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் வேதியியல் துறைத் தலைவராகப் பணியாற்றினார். 1960 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963 ஆம் ஆண்டில் பத்ம பூசண் விருது பெற்றார்.

இளமையும் கல்வியும்

சேஷாத்திரி காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். செல்வச் செழிப்பு இல்லாத குடும்பம். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வியை முடித்த சேஷாத்திரி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். சென்னையில் படித்த ஆண்டுகளில் இராமகிருஷ்ண மிஷன் அவருக்குத் துணை நின்றது. பட்டம் பெற்ற பின் ஓராண்டு அந்த அமைப்பிலேயே பணி செய்துவிட்டு, மீண்டும் மாநிலக் கல்லூரிக்கு ஆராய்ச்சி மாணவராகத் திரும்பினார்.

அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பிமன் பிகாரி தே என்னும் வங்காளப் பேராசிரியர். கூமரின்கள் எனப்படும் சேர்மங்களில் தே தேர்ந்தவர். புதிதாக வெட்டிய புல்லிலும் சில விதைகளிலும் எழும் இனிய மணத்துக்குக் காரணம் கூமரினே ஆகும். ஒரு பென்சீன் வளையத்தோடு ஆக்சிசன் அணு ஒன்றைக் கொண்ட மற்றொரு வளையம் ஒட்டியிருப்பது இதன் அமைப்பு. பின்னாளில் சேஷாத்திரி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை இத்தகைய ஆக்சிசன் வளையம் கொண்டவை என்பதை நோக்கும்போது, அவருடைய பாதை மாநிலக் கல்லூரியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மான்செசுட்டர், கிராட்சு, எடின்பரோ

1927 ஆம் ஆண்டில் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற சேஷாத்திரி, மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சனிடம் சேர்ந்தார். இராபின்சன் அப்போதே கரிம வேதியியலில் முதல் வரிசையில் இருந்தவர். 1947 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1917 ஆம் ஆண்டில் அவர் செய்த திரோப்பினோன் தொகுப்பு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. கண் மருத்துவத்தில் பயன்படும் அத்திரோப்பினுக்கு அடிப்படையான கட்டமைப்பு திரோப்பினோன் ஆகும். அதற்கு முன் வில்சிட்டேட்டர் என்ற செருமானியர் பல படிகளில், மிகச் சிறிய விளைச்சலுடன் உருவாக்கிய அந்தச் சேர்மத்தை, இராபின்சன் மூன்று எளிய பொருள்களை நீரில் கலந்து ஒரே கலத்தில் பெற்றார். செடி தன் உடலுக்குள் கடுஞ்சூடோ வலிய அமிலமோ இன்றி இச்சேர்மங்களை உருவாக்குகிறது. எனவே வேதியியலாளரும் அதே போக்கில் சிந்திக்க வேண்டும் என்பது அதற்கு அடியில் இருந்த கருத்து. சேஷாத்திரி தம் ஆசிரியரிடமிருந்து பெற்றவற்றுள் இதுவே தலையாயது.

மான்செசுட்டரில் அவருடைய ஆய்வு மலேரியா மருந்துகளைச் சார்ந்திருந்தது. அக்காலத்தில் மலேரியாவுக்குக் கொயினாவைத் தவிர நம்பத்தக்க மருந்து குறைவு. கொயினா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிலேயே சின்கோனாத் தோட்டங்கள் இடப்பட்டிருந்தாலும், இந்தியாவின் தேவைக்கு அவை போதவில்லை. மரப்பட்டையை நம்பாமல், கொயினாவின் மூலக்கூற்றில் உள்ள குயினோலின் என்னும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதிய மருந்துகளை ஆக்க முடியுமா என்று செருமானியரும் ஆங்கிலேயரும் போட்டியிட்டு முயன்ற காலம் அது. செருமானியரின் பிளாசுமோக்கின் 1920களில் வெளிவந்திருந்தது. இப்பணியோடு, பூக்களின் சிவப்பு நீல நிறங்களுக்குக் காரணமான ஆந்தோசயனின்களின் தொகுப்பிலும் சேஷாத்திரி பயிற்சி பெற்றார். 1929 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் சில மாதங்கள் ஆசுத்திரியாவின் கிராட்சு நகரில் பிரிட்சு பிரெகலிடம் தங்கி நுண்பகுப்பாய்வு கற்றார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சேஷாத்திரியின் பிற்காலப் பணிக்கு இன்றியமையாதது. ஒரு சேர்மத்தில் கரிமம், ஐதரசன் ஆகியவை எத்தனை விழுக்காடு உள்ளன என்று அறிய, பழைய முறையில் கிராமில் கணிசமான பங்கை எரித்தாக வேண்டும். சில மில்லிகிராம் இருந்தாலே போதும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்ததற்காகவே பிரெகலுக்கு 1923 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பல கிலோ பூவிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள் படிகமே கிடைக்கும் தாவர வேதியியலில் இம்முறை இல்லாமல் ஓரடியும் நகர இயலாது.

அடுத்து எடின்பரோவில் சார்ச்சு பார்கரிடம் இரெட்ரோர்சின் என்னும் அல்கலாய்டை ஆராய்ந்தார். தென்னாப்பிரிக்காவில் செனிசியோ என்னும் களைச்செடியை மேய்ந்த கால்நடைகள் ஈரல் கெட்டு இறந்தன. அச்செடி கோதுமையோடு கலந்து அரைபட்ட இடங்களில், அம்மாவில் சுட்ட ரொட்டியை உண்ட மக்களும் இறந்தனர். அந்த நஞ்சின் வேதியியலைப் பற்றிய கட்டுரை பார்கர், சேஷாத்திரி முதலியோரின் பெயரில் 1935 ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியல் கழக இதழில் வெளியானது.

நாடு திரும்பிய பின்

1930 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பிய சேஷாத்திரிக்கு உடனடியாகத் தகுதிக்கேற்ற பதவி அமையவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகையில் சிறிது காலம் இருந்தார். பின்னர் கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பகுப்பாய்வாளரானார். பிரெகலிடமும் பார்கரிடமும் பயின்ற ஒருவர் மண் மாதிரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தது அன்றைய நாட்டு நிலையைக் காட்டுகிறது. அறிவியல் பட்டம் பெற்றோர் பெருகியிருந்தனர். அவர்கள் ஆராய்ச்சி செய்ய ஆய்வகங்கள் இல்லை.

இந்நிலை மாறியது வால்டேரில். 1926 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு 1931 முதல் 1936 வரை துணைவேந்தராக இருந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இவர் தமிழ்–தெலுங்கு எல்லையிலுள்ள முருகன் தலமான திருத்தணியில் பிறந்தவர். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960 ஆம் ஆண்டில்தான் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. மெய்யியல் அறிஞராகவே அறியப்படும் இராதாகிருஷ்ணன், வால்டேரில் அறிவியல் துறைகளுக்கும் இளம் ஆய்வாளர்களைச் சேர்த்தார். 1934 ஆம் ஆண்டில் சேஷாத்திரி வேதியியல் துறைக்கு வந்து சேர்ந்தார். 1937 ஆம் ஆண்டில் பேராசிரியரானார். வேதித் தொழில்நுட்பத்துக்கும் மருந்தியலுக்கும் அங்கே துறைகள் அமைவதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

வால்டேர் ஆய்வுகள்

வால்டேரில் விலையுயர்ந்த கருவிகள் இல்லை, செடிகள் இருந்தன. சேஷாத்திரியும் அவருடைய மாணவர்களும் கையில் கிடைத்த பூக்களிலிருந்தே தொடங்கினர். பருத்திப் பூ, பூவரசம் பூ, புளிச்சைப் பூ முதலியன அவற்றுள் அடங்கும். புளிச்சையின் இலையே ஆந்திரத்தில் கோங்குரா என்ற பெயரில் துவையலாகிறது. இவை அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அனைத்திலும் மஞ்சள் நிறமிகள் உண்டு.

அக்காலத்தில் ஒரு நிறமியின் அமைப்பை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. உலர்த்திய பூவிதழ்களைச் சாராயத்தில் மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவர். சாற்றைச் சுண்டவைத்து, மெழுகையும் பச்சையத்தையும் பிற கரைப்பான்களால் நீக்கிப் பல நாள் குளிரில் வைத்தால் படிகம் தோன்றும். சில வேளை தோன்றாது. பெரும்பாலும் நிறமியோடு சர்க்கரை மூலக்கூறு ஒன்று ஒட்டியிருக்கும். நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து அதைப் பிரிப்பர். எஞ்சியதை மெத்திலேற்றம் செய்து ஐதராக்சில் தொகுதிகளை மூடுவர். பின் காரத்தில் இட்டு மூலக்கூற்றை இரண்டாக உடைப்பர். உடைந்த துண்டுகள் முன்பே அறியப்பட்ட சிறிய சேர்மங்கள் என்றால், அவற்றின் உருகுநிலையைக் கொண்டு அடையாளம் காணலாம். துண்டுகளிலிருந்து முழு உருவத்தை ஊகிக்கலாம். ஆனால் அது ஊகமே. ஊகித்த சேர்மத்தைச் சாதாரண வேதிப்பொருள்களிலிருந்து படிப்படியாகத் தொகுத்து, செடியிலிருந்து கிடைத்ததோடு கலந்து சூடாக்கிப் பார்ப்பர். கலவையும் அதே வெப்பநிலையில் உருகினால் இரண்டும் ஒன்றே. உருகுநிலை தாழ்ந்தால் ஊகம் தவறு. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வாறு தொகுப்பு என்பது அன்று மருந்து செய்யும் வழியாக மட்டுமன்றி, உண்மையை மெய்ப்பிக்கும் இறுதிச் சான்றாகவும் விளங்கியது.

இம்முறையில் கே. நீலகண்டமும் சேஷாத்திரியும் இந்தியப் பருத்திப் பூவிலிருந்து காசிப்பின் என்னும் நிறமியைப் பிரித்தனர். அதில் காசிபெட்டின் என்னும் பிளேவோனால் ஒரு குளுக்கோசுடன் இணைந்துள்ளது. காசிபெட்டினை முன்பே இங்கிலாந்தில் ஏ. ஜி. பெர்க்கின் ஆராய்ந்திருந்தார். பூவரசம் பூவிலிருந்து பாப்புல்னின் கிடைத்தது. புளிச்சைப் பூவிலிருந்து பி. சூரியபிரகாச ராவுடன் செய்த ஆய்வில் ஐபிசிட்டின் கிடைத்தது; இதில் ஏழு ஐதராக்சில் தொகுதிகள் உள்ளன.

புங்க மரமும் இக்குழுவின் கவனத்தைப் பெற்றது. புங்க எண்ணெய் சொறி, சிரங்கு முதலிய தோல் நோய்களுக்கு நாட்டு மருத்துவத்தில் தடவப்படுவது. அதில் உள்ள கரஞ்சின் என்னும் படிகத்தைப் பூனாவைச் சேர்ந்த லிமாயே 1920களில் பிரித்திருந்தார். அதே எண்ணெயிலிருந்து பொங்கமோல் என்னும் மற்றொரு சேர்மத்தை எஸ். ரங்கசாமியும் சேஷாத்திரியும் கண்டனர். இரண்டின் அமைப்பையும் தொகுப்பையும் பற்றி வால்டேரிலிருந்தும் பின்னர் தில்லியிலிருந்தும் பல கட்டுரைகள் வெளிவந்தன. சி. வி. இராமன் 1934 ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழிலேயே இவருடைய வால்டேர்க் கட்டுரைகளில் பெரும்பகுதி அச்சாயின. இந்திய ஆய்வை இந்திய இதழில் வெளியிடுவது என்பது அன்று ஒரு தெரிவு. வெளிநாட்டு வாசகர் குறைவர் என்று தெரிந்தே அவர் அதைச் செய்தார்.

1942 ஏப்பிரலில் சப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு வீசின. வால்டேர் கட்டடங்கள் இராணுவத்தின் கைக்குச் சென்றன. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. ஆய்வகம் இல்லாத அவ்வாண்டுகளிலும் சேஷாத்திரியின் கட்டுரைகள் நிற்கவில்லை.

செடியின் வழியில் ஆக்சிசனேற்றம்

சேஷாத்திரியின் பெயர் வேதியியலில் நிலைத்ததற்கு முதற்காரணம் அவர் பிரித்தெடுத்த பொருள்களின் எண்ணிக்கை அன்று. அவற்றுக்கிடையே அவர் கண்ட ஒழுங்கு.

பிளேவோன் மூலக்கூற்றில் 15 கரிம அணுக்கள் உள்ளன. இரு பென்சீன் வளையங்களை மூன்று கரிமங்கள் இணைக்கின்றன. ஐதராக்சில் தொகுதிகள் எங்கெங்கே அமைகின்றன என்பதைப் பொறுத்து நிறமியின் பெயர் மாறும். கெம்ப்பெராலில் நான்கு தொகுதிகள். அதோடு எட்டாம் இடத்தில் ஒன்று கூடினால் எர்பாசிட்டின். குவெர்சிட்டினில் ஐந்து, எட்டாம் இடத்தில் ஒன்று கூடினால் காசிபெட்டின். மைரிசிட்டினில் ஆறு, எட்டாம் இடத்தில் ஒன்று கூடினால் ஐபிசிட்டின். பருத்தி, புளிச்சைப் பூக்களில் இத்தகைய சோடிகள் மீண்டும் மீண்டும் தோன்றின. செடி ஒவ்வொன்றையும் தனித்தனியே உருவாக்குவதில்லை. எளிய நிறமியை முதலில் ஆக்கிவிட்டுப் பின்னர் எட்டாம் இடத்தில் ஆக்சிசனை ஏற்றுகிறது என்று சேஷாத்திரி கருதினார்.

அப்படியானால் ஆய்வகத்திலும் அதைச் செய்ய முடிய வேண்டும். 1893 ஆம் ஆண்டில் எல்ப்சு என்ற செருமானியர், காரக் கரைசலில் பெர்சல்பேட்டு உப்பைச் சேர்த்தால் பீனாலின் ஐதராக்சிலுக்கு நேர் எதிர் இடத்தில் இன்னொரு ஐதராக்சில் ஏறும் என்று கண்டிருந்தார். பிளேவோன்களில் ஐந்தாம் இடத்து ஐதராக்சிலுக்கு நேர் எதிரே இருப்பது எட்டாம் இடமே. சேஷாத்திரி குழு, வினையில் ஈடுபடக்கூடாத மற்றத் தொகுதிகளை மெத்திலால் மூடிவிட்டு, ஐந்தாம் இடத்தை மட்டும் திறந்துவைத்து, அறை வெப்பத்தில் பெர்சல்பேட்டைச் சேர்த்தது. எட்டாம் இடத்தில் ஆக்சிசன் ஏறியது. எளிதில் கிடைக்கும் குவெர்சிட்டினிலிருந்து அரிய காசிபெட்டின் இவ்வாறு 1940களில் பெறப்பட்டது. பிளேவோன்களுக்கு விரிவாக்கப்பட்ட இவ்வினையைச் சிலர் எல்ப்சு–சேஷாத்திரி ஆக்சிசனேற்றம் என வழங்குவர்.

மருத்துவத்துக்கு இதன் பயன் என்ன என்ற கேள்விக்குக் கெல்லின் ஓர் எடுத்துக்காட்டு. எகிப்தில் சிறுநீரகக் கல் வலிக்குப் பயன்பட்ட அம்மி விசுநாகா என்னும் செடியின் விதையில் கெல்லின், விசுநாகின் என்னும் இரு சேர்மங்கள் உள்ளன. கெல்லின் இதய வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்தாக 1940களில் ஆராயப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மெத்தாக்சித் தொகுதியே. அதுவும் பெர்சல்பேட்டு ஆக்சிசனை ஏற்றக்கூடிய அதே இடத்தில். சேஷாத்திரியும் வி. வி. எஸ். மூர்த்தியும் 1949 ஆம் ஆண்டளவில் கெல்லின் குடும்பத்தின் தொகுப்புக்கு இம்முறையைப் பயன்படுத்தினர். கெல்லினுக்குப் பக்கவிளைவுகள் இருந்ததால் அது மருந்தாக நிலைக்கவில்லை. ஆனால் அதன் கட்டமைப்பை மாற்றியமைத்த முயற்சிகளிலிருந்தே ஆசுதுமாவுக்கான குரோமோகிளைக்கேட்டு, 1960களில் இங்கிலாந்தில் பிறந்தது.

பாசிக்காளான்கள்

மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் பாசிக்காளான்களைப் பற்றி இந்தியாவில் முறையான வேதியியல் ஆய்வைத் தொடங்கியவர்களுள் சேஷாத்திரி முதன்மையானவர். தமிழ்நாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசி இவ்வகையைச் சேர்ந்ததே. கடற்கரையோர மரங்களில் வளரும் உரோசெல்லா என்னும் பாசிக்காளானிலிருந்து இவர் குழு மாண்டாக்னிட்டால் என்ற புதிய சேர்மத்தைப் பிரித்தது. பள்ளி ஆய்வகத்தில் அமிலம், காரம் அறியப் பயன்படும் லிட்மசுத் தாளின் சாயம் உரோசெல்லா இனங்களிலிருந்து வருவது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. பாசிக்காளான் அமிலங்கள் ஒரே எளிய அலகிலிருந்து படிப்படியாக ஆக்சிசனேற்றமும் ஒடுக்கமும் பெற்று உருவாவதாக இவர் ஒரு திட்டத்தை வகுத்தார். பூ நிறமிகளில் கண்ட அதே சிந்தனைதான் இது.

தில்லியில்

1949 ஆம் ஆண்டில், மாரிசு குவையர் துணைவேந்தராக இருந்த தில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சேஷாத்திரி சென்றார். இதன் பின் அவருடைய ஆய்வகம் நாட்டிலேயே பெரிய இயற்கைப்பொருள் வேதியியல் பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. இராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோது, 1953 முதல் இப்பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு இத்துறையை இயற்கைப்பொருள் வேதியியலுக்கான உயராய்வு மையமாக அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் சேஷாத்திரியிடம் முனைவர் பட்டம் பெற்றனர்.

1957 ஆம் ஆண்டில் வி. கே. அலுவாலியாவும் இவரும் சிசு மரத்தின் வைரக் கட்டையிலிருந்து தால்பெர்சின் என்னும் சேர்மத்தைக் கண்டனர். இது பீனைல் வளையம் இணைந்த ஒரு கூமரின் ஆகும். சென்னையில் தே அவர்களிடம் கற்ற கூமரின் வேதியியலுக்குச் சேஷாத்திரி முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்துசேர்ந்தார்.

இதே ஆண்டுகளில் கரிம வேதியியலின் கருவிகளும் மாறின. அகச்சிவப்பு நிறமாலையும் அணுக்கருக் காந்த ஒத்திசைவும் வந்தபின், பல ஆண்டு உடைத்துப் பார்த்துக் கண்ட அமைப்பைச் சில நாள்களில் கண்டறிய முடிந்தது. சேஷாத்திரி பயின்ற முறைகள் பழையனவாயின. தில்லி ஆய்வகம் புதிய கருவிகளை ஏற்றுக்கொண்டபோதிலும், பணியின் மையம் இறுதிவரை செடியைப் பிரித்தெடுத்தலும் தொகுத்தலுமாகவே இருந்தது.

மருந்தும் மதிப்பீடும்

சேஷாத்திரியின் பெயரோடு இணைத்துச் சொல்லத்தக்க மருந்து எதுவும் மருந்துக்கடையில் இல்லை. இது அவருடைய வாழ்க்கையை மதிப்பிடுவோர் கடந்துசெல்ல இயலாத செய்தி. அவர் காலத்திலேயே இந்தியாவில் இது விவாதத்துக்குரியதாக இருந்தது. அதற்குச் சர்ப்பகந்தா என்னும் செடியின் கதை பெரிதும் காரணம்.

சர்ப்பகந்தாவின் வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்துவந்தனர். 1931 ஆம் ஆண்டில் சென், போசு என்ற வங்காள மருத்துவர்கள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அதன் ஆற்றலை எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுசமான் சித்திக்கி அதிலிருந்து அச்மலின் முதலிய அல்கலாய்டுகளைப் பிரித்தார். ஆயினும் மருந்தாக உலகை ஆண்ட இரெசர்ப்பின், 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வகத்தில்தான் பிரிக்கப்பட்டது. அதன் முழுத் தொகுப்பை 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உட்வர்டு செய்தார். செடியும் மருத்துவ அறிவும் முதல் வேதியியலும் இங்கே, மருந்து அங்கே. வேதியியலாளர், உடலியங்கியலாளர், மருத்துவர், மருந்து நிறுவனம் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இயங்கும் அமைப்பு இந்தியப் பல்கலைக்கழகங்களில் இல்லை என்பதே இதற்குக் காரணம். இலக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1951 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது இக்குறையைப் போக்கவே.

சேஷாத்திரியிடமும் இந்தக் குறை இருந்தது. அவர் பிரித்த சேர்மங்களில் பெரும்பாலானவை விலங்குகளில் சோதிக்கப்படாமலே கட்டுரையோடு நின்றுவிட்டன. ஒரே வகைச் சேர்மத்தின் சிறு வேறுபாடுகளைப் பற்றிய கட்டுரைகள் அளவுக்கு மிகுந்தன என்றும் கூற இடமுண்டு. ஆனால் மருந்து ஆய்வுக்குத் தேவையான இரண்டை அவர் தந்தார். ஒன்று, அரிய தாவரப் பொருளை எளிய தாவரப் பொருளிலிருந்து சில படிகளில் ஆக்கும் முறைகள். மற்றொன்று, அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறை. அவருடைய சமகாலத்தவரும் சென்னையில் பிறந்தவரும் இராபின்சனிடம் பயின்றவருமான கே. வெங்கட்டராமன், பேக்கர்–வெங்கட்டராமன் மறுசீரமைப்பு என்னும் பிளேவோன் தொகுப்பு முறையால் அறியப்படுபவர்; அவர் பூனாவில் தேசிய வேதியியல் ஆய்வகத்தை நடத்தினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1963 ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய சீபா ஆராய்ச்சி மையத்தின் தலைமையை ஏற்றார். இம்மூவரின் மாணவர்கள் நாட்டின் மருந்து ஆய்வகங்களில் பரவலாக இடம்பெற்றனர்.

மருத்துவ மாணவர்களுக்கும் வேதியியல் மாணவர்களுக்கும் பொதுவாக, உயிர்ச்சத்துகள், இயக்குநீர்கள் ஆகியவற்றின் வேதியியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் சேஷாத்திரி எழுதியுள்ளார்.

செஞ்சந்தனம்

1965 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற பின்னரும் தகைசால் பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார். இக்காலத்தில் அவருடைய ஆர்வம் வேங்கை, செஞ்சந்தனம், ஈட்டி முதலிய மரங்களின் வைரக் கட்டையில் ஆழ்ந்தது. 1972 ஆம் ஆண்டில் இம்மரங்களின் பாலிபீனால்களைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வேங்கைக் கட்டையில் குடைந்த குவளையில் நீரூற்றி வைத்துக் குடிப்பது நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கை தென்னாட்டில் இன்றும் உள்ளது.

செஞ்சந்தனம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் எனலாம். திருத்தணிக்கு வடக்கேயுள்ள சித்தூர், திருப்பதி, கடப்பைப் பகுதிகளின் வறண்ட மலைகளே அதன் தாயகம். சித்த மருத்துவத்தில் அதன் கட்டையை அரைத்து வீக்கத்துக்கும் தோல் நோய்க்கும் பூசுவர். கட்டையின் இரத்தச் சிவப்புக்குக் காரணமான சாண்டலின் என்னும் சாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேதியியலாளருக்குத் தெரிந்தது. ஆனால் எளிதில் கரையாத, பெரிய மூலக்கூறான அது நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் இத்தாலியக் குழு ஒன்றும் சேஷாத்திரியின் தில்லிக் குழுவும் இதை ஆராய்ந்தன. 1973 ஆம் ஆண்டில் முழுதும் மெத்திலேற்றிய சாண்டலினைப் பற்றிய தில்லிக் குழுவின் கட்டுரை வெளியானபோது சேஷாத்திரிக்கு வயது 73.

சாண்டலினை ஆய்வகத்தில் தொகுக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2013 ஆம் ஆண்டில் செருமனியின் மியூனிக்கில் திரவுனர் குழு அதைச் செய்தது. மரம் எந்த வழியில் அச்சாயத்தை உருவாக்கும் என்று கருதப்படுகிறதோ, அவ்வழியையே பின்பற்றி அவர்கள் செய்தனர்.

சிறப்புகளும் மறைவும்

1960 ஆம் ஆண்டின் அரச கழக உறுப்பினர் தகுதியும் 1963 ஆம் ஆண்டின் பத்ம பூசண் விருதும் தவிர, செருமனியின் இலியோப்போல்டினா கழகமும் இவரை உறுப்பினராக ஏற்றது. 1967 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் பேராயத்துக்குத் தலைமை தாங்கினார். 1967, 1968 ஆம் ஆண்டுகளில் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். செப்டம்பர் 27, 1975 அன்று காலமானார். இவருடைய எழுபதாம் பிறந்தநாள் நினைவாக ஏற்படுத்தப்பட்ட பதக்கத்தை அக்கழகம் வேதியியலில் சிறந்த ஆய்வுகளுக்கு வழங்கியுள்ளது.